லீவில் மகனுக்கு வெரிகோசீல் ஆபரேஷன்: டிக்கெட் போடும் முன் யோசிக்க வேண்டியவை

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் லீவுக்கு வரும் குடும்பங்கள், பையனின் வெரிகோசீல் (விரைப்பையில் சிரைகள் புடைத்துக்கொள்வது) ஆபரேஷனையும் மதுரையிலோ சென்னையிலோ முடித்துக்கொண்டு கிளம்புவது சகஜமாகிவிட்டது. ஸ்கேன் அன்றைக்கே கிடைக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஒரே நாளில் வீட்டுக்கும் வந்துவிடலாம். வேகத்தில் குறையே இல்லை. ஆனால் இதன் பின்விளைவுகள் பெரும்பாலும் தையல் ஆறி, குடும்பம் விமானம் ஏறிப் பல மாதம் கழித்துத்தான் தலைகாட்டும்.

அதில் முக்கியமானது ஹைட்ரோசீல், அதாவது விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது. புடைத்த சிரைகளைக் கட்டும்போது கூடவே ஓடும் நிணநீர்க் குழாய்களும் கட்டுப்பட்டால், நிணநீர் வடிய வழியின்றித் தேங்கும். வலி இருக்காது, ஒரு பக்கம் மெல்லப் பெருக்கும். இருட்டில் டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். ஊசியால் உறிஞ்சினாலும் மறுபடி கோக்கலாம். சிறியதென்றால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும், பெரிதானால் இன்னொரு ஆபரேஷன். விடலைப் பையன்கள் வெட்கத்தில் வாய் திறக்க மாட்டார்கள். அப்பாதான் கேட்க வேண்டும்.

தமனியையும் சிரையையும் விரைக்கு வெகு மேலே, அடிவயிற்றில் சேர்த்துக் கட்டும் பழைய பலோமோ முறையில் இந்தத் தொல்லை அதிகம். அடிவயிறும் தொடையும் சேரும் இடத்துக்கு அருகே 2-3 செ.மீ. கீறி, மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துக் கட்டினால் தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் ஒதுக்கிவிடலாம். ஹைட்ரோசீலும் சரி, வெரிகோசீல் திரும்ப வருவதும் சரி, அதில் மிகக் குறைவு. சிறுவர்களின் தமனி 1 மி.மீ. அளவுதான் என்பதால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் கருவியும் வேண்டும். தமனி அடிபட்டால் விரை சுருங்கலாம். லேப்ராஸ்கோப்பி செய்தவர்களில் சிலருக்குத் தொடையின் முன்பக்கம் மரத்துப்போகும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "இடது பக்கம் கிரேடு 3" என்று புடைப்பின் அளவு மட்டும் இருந்தால் வாங்கிவராதீர்கள். இரண்டு விரைகளின் கன அளவும் மில்லிலிட்டரில் இருக்க வேண்டும். அது இல்லாமல் பின்னால் சுருங்கியதா, வளர்ந்ததா என்று ஒப்பிட வழியே இல்லை. வலியில்லாத பையனுக்குப் பொதுவாக, அளவில் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் 6 முதல் 12 மாத இடைவெளியில் எடுத்த இரண்டு ஸ்கேனிலும் நீடித்தால்தான் ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டும். பருவ வயதில் இரு பக்கமும் ஒரே வேகத்தில் வளராது. ஒரே ஸ்கேனை வைத்து லீவு முடிவதற்குள் கத்தி வைப்பது தவறு. வலப்பக்கம் மட்டும் இருந்தாலோ, படுத்தாலும் புடைப்பு வற்றாவிட்டாலோ முதலில் வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும்.

செய்தே ஆக வேண்டுமென்றால் லீவின் தொடக்கத்திலேயே செய்யுங்கள். ரத்தக்கட்டும் காயத்தில் சீழும் பெரும்பாலும் முதல் ஓரிரு வாரங்களில்தான் வரும். எந்த முறை, தமனி காப்பாற்றப்பட்டதா, நிணநீர்க் குழாய்கள் விடப்பட்டனவா என்ற மூன்றையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். அங்கே போனபின் 3, 6, 12 மாதங்களில் பார்க்கப்போகும் டாக்டருக்கு இந்தத் தாள்தான் ஆதாரம்.