சோதெர்னா, லுவாரா, பன்யூல்ஸா?

இனிப்பு ஒயின் என்றாலே கடைசியில் வரும் கேக்கோடுதான் என்று முடிவுகட்டியவர்கள் முதலில் வீணாக்குவது பிரான்ஸின் இனிப்பு வெள்ளை ஒயினான சோதெர்னைத்தான். தட்டில் இருப்பது ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். வெறும் புளிப்புதான் நாக்கில் நிற்கும். பிரான்ஸின் இனிப்பு ஒயின்களில் எதை வாங்குவது என்ற கேள்விக்கு, தட்டில் என்ன இருக்கிறது என்பதிலிருந்துதான் பதில் தேட வேண்டும்.

சோதெர்ன் விளைவது போர்தோ நகருக்குத் தெற்கே. அங்கே, குளிர்ந்த சிரோன் ஓடை கரோன் ஆற்றில் கலக்கும் பகுதியில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் போட்ரைடிஸ் என்ற பூஞ்சை செமியோன் திராட்சையின் தோலைத் துளைக்கிறது. மதிய வெயிலில் பழத்தின் நீர் வற்றி, சர்க்கரையும் புளிப்பும் செறிகின்றன. எல்லாப் பழங்களும் ஒரே நாளில் இந்தப் பக்குவத்துக்கு வராது என்பதால் ஒரே கொடிக்குப் பலமுறை திரும்பி வந்து பொறுக்குகிறார்கள். விலை ஏறுவது இங்கேதான். போர்தோ ஒயின்களின் 1855 தரவரிசையில் தனி உச்சியில் வைக்கப்பட்ட சோதெர்ன் தோட்டமான ஷாத்தோ தீக்கெம்மில் ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின் என்றுதான் கணக்கு சொல்வார்கள். 2012 விளைச்சல் தேறாததால் அந்த ஆண்டுக்கு ஒயினே வெளியிடவில்லை.

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததைச் சாக்லேட் கேக்கோடு குடிப்பது அநியாயம். சோதெர்னுக்கு வேண்டியது உப்பும் கொழுப்பும். செம்மறி ஆட்டுப்பாலில் செய்யும் நீலப்பூஞ்சைச் சீஸான ரோக்ஃபோரைத் தொட்டுக்கொண்டு ஒரு மடக்கு குடித்தால், சீஸின் கரிப்பு ஒயினின் திகட்டலை அடக்கும். வாத்து ஈரலில் செய்யும் ஃபுவா க்ரா புகழ்பெற்ற ஜோடி என்றாலும், விருந்தின் தொடக்கத்திலேயே அது வந்தால் அடுத்த பதார்த்தங்கள் எடுபடாது. என் ஓட்டு சீஸுக்குத்தான். தோல் மொறுமொறுவென்று வறுபட்ட கோழிக்கும் இது பொருந்தும். நம்பாதவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

பழப் பலகாரம்தான் என்றால் லுவார் ஆற்றுப் பக்கத்து ஒயின்களுக்குப் போகலாம். கோத்தோ து லேயோன், போன்ஸோ, கார் த ஷோம் மூன்றுமே செனின் திராட்சையில் செய்பவை. சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் செனினின் புளிப்பு விட்டுக்கொடுக்காது. அதனால்தான் ஆப்பிளைச் சர்க்கரைப் பாகில் வதக்கிக் கவிழ்த்துச் சுடும் தார்த் தாத்தானோடு இது ஒத்துப்போகிறது. ஒரே ஒரு புட்டிதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் சொல்வது சாதாரண கோத்தோ து லேயோன். புகழ்பெற்ற சோதெர்ன் ஒன்றின் விலைக்கு இதில் பல புட்டிகள் கிடைக்கும்.

சாக்லேட்டுக்குப் பன்யூல்ஸ். ஸ்பெயின் எல்லையை ஒட்டி, மத்தியதரைக் கடலைப் பார்த்த பாறைச் சரிவுகளில் விளையும் கிரெனாஷ் திராட்சையிலிருந்து வருவது. பாதி நொதித்தலில் திராட்சைச் சாராயத்தை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். கறுப்பு சாக்லேட்டின் கசப்பைத் தாங்க சிவப்பு ஒயினின் துவர்ப்பு வேண்டும். சோதெர்னில் அது இல்லை. சீக்கிரமே புட்டியில் அடைக்கும் ரிமாஜ் வகையில் பழச்சுவை முந்தும். மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் காற்றுப்பட்டு முதிர்ந்ததில் வாதுமையும் காபியும் மணக்கும். ரிமாஜைச் சாக்லேட்டுக்கும், முதிர்ந்ததை கொட்டைகள் போட்ட பலகாரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். முதிர்ந்த வகையைத் திறந்துவைத்தாலும் வாரக்கணக்கில் கெடாது.

ரோன் பள்ளத்தாக்கின் மஸ்கட் த போம் தெ வெனீஸும் சாராயம் சேர்த்து நொதித்தலை நிறுத்துவதுதான், ஆனால் பெரும்பாலும் வெள்ளை. மலரும் திராட்சையும் மணக்கும். நன்றாகக் குளிரவைத்து, கவையோன் முலாம்பழத்தோடு கொடுத்தால் போதும். பீப்பாய், முதிர்ச்சி என்று எதுவும் யோசிக்க வேண்டாம். வாங்கியவுடனே குடித்துவிடுங்கள், வைத்திருந்தால் அந்த மணம் போய்விடும்.