கீழடியா, அரிட்டாபட்டியா?

குழந்தைகளோடு ஒருநாள் பயணம் என்றால் மதுரையிலிருந்து அருகில் இருப்பது கீழடிதான். ராமநாதபுரம் சாலையில் சிலைமான் தாண்டினால் வந்துவிடும். 2023 மார்ச்சில் திறந்த அகழாய்வு அருங்காட்சியகத்தில் நிழல், கழிப்பறை எல்லாம் உண்டு. தாத்தா பாட்டியும் சிரமமில்லாமல் சுற்றலாம். பானை ஓட்டில் கீறிய தமிழி, அதாவது பழந்தமிழ் எழுத்துகளைப் பொறுமையாகப் பாருங்கள். விடுமுறை நாளில் கூட்டம் நெரியும்.

அரிட்டாபட்டி வேறு ரகம். மேலூர் வட்டத்தில் ஏழு குன்றுகள். சமணத் துறவிகள் தங்கிய கல் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, மகாவீரர் புடைப்புச் சிற்பம், குடைவரைச் சிவன் கோயில், ராஜாளிகள். 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்தை எதிர்த்து ஊரே திரண்டு, 2025 ஜனவரியில் அது ரத்தான இடமும் இதுதான். பெரிய பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

ஆனால் பாறை பத்து மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடும். கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பும்போதுதான் கால் சுடும். சின்னப் பிள்ளைகளுக்குக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கட்டுச்சோறு வேண்டும். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும், ஏற வேண்டாம்.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் கீழடி. இல்லையென்றால், காலை ஆறரைக்கே கிளம்பி அரிட்டாபட்டி.