மைன்கிராஃப்ட் சர்வருக்கு ஃபயர்வால்: வடசென்னையில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

கட்டை கட்டையாக அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கு நாங்கள் ஒரு சர்வர் ஓட்டுகிறோம். வேண்டாத இணைப்புகளை வாசலிலேயே தடுக்க, லினக்ஸோடு வரும் என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வாலைத்தான் இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பயன்படுத்துகிறேன். தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை. 2014-லேயே லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் வந்துவிட்டது. தானாக ஓடும் புரோகிராம்கள் கூட்டமாக இணைப்பு கேட்டுச் சர்வரைத் திணறடிக்கும் பாட் தாக்குதலுக்கு இது போதுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பெரும்பாலான நாட்களுக்குப் போதும். ஆனால் நெட்டில் கிடைக்கும் விதிகளை அப்படியே எடுத்து ஒட்டினால் முதலில் வெளியே நிற்கப்போவது பாட் இல்லை, நம்ம ஏரியா பிள்ளைகள்.

சர்வர் மும்பையில் ஒரு வாடகை விபிஎஸ், அதாவது டேட்டா சென்டர் கம்ப்யூட்டர் ஒன்றில் நமக்கென்று பிரித்துத் தரும் ஒரு பங்கு. ஆடுபவர்கள் வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கத்துப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தை விளையாட்டுக்குள் தூண் தூணாகக் கட்டி முடித்துவிட்டார்கள். காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாக நிற்கின்றன. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை இன்னும் பாதியில் இருக்கிறது. மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டிய ஊர் அது. அரையாண்டு லீவு விட்ட அன்று மாலை சர்வர் விழுந்தால் அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதில் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் டிசிபி 25565 போர்ட்டில் வருகிறார்கள். போனில் ஆடுபவர்கள், போன் பதிப்பையும் இதே சர்வரில் சேரவிடும் கெய்சர் பிளகின் வழியாக யுடிபி 19132-ல். வருபவரின் கணக்கு உண்மையானதா என்று சரிபார்க்கும் ஆன்லைன் மோடு சர்வரில் எப்போதும் ஆன். அதனால் கன்னாபின்னா பெயர்களில் வரும் போலிக் கணக்குகள் உலகத்துக்குள் நுழைய முடியாது. ஆனாலும் இணைப்பு கேட்டுக்கொண்டே இருக்க முடியும். ஒவ்வொரு லாகின் கோரிக்கைக்கும் சர்வர் குறியாக்கத்துக்கான பதிலைத் தயார் செய்கிறது, கணக்கைச் சரிபார்க்கக் காத்திருக்கிறது. நொடிக்குச் சில நூறு கோரிக்கை வந்தால் உள்ளே ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு லேக் ஆரம்பித்துவிடும். இந்த வேலை ஜாவாவில் ஓடும் மைன்கிராஃப்ட் புரோகிராம் வரைக்கும் போகக் கூடாது, கர்னலிலேயே வெட்டிவிட வேண்டும். என்எஃப்டேபிள்ஸ் மிக நன்றாகச் செய்வது இதைத்தான்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். எந்த வழிகாட்டியைத் திறந்தாலும் "ஒரு ஐபிக்கு மூன்று இணைப்பு" என்றுதான் இருக்கும். வீட்டுக்கு ஒரு தனி ஐபி கிடைக்கும் ஊரில் அது சரி. நம்ம பிள்ளைகளில் பாதிப் பேர் மொபைல் டேட்டாவில் வருகிறார்கள். மொபைல் நெட்வொர்க்குகள் ஒரே ஐபிவி4 முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. சிஜிநாட் என்று சொல்வது அதைத்தான். புளியந்தோப்பில் ஒருத்தன், காசிமேட்டில் ஒருத்தன், ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள், சர்வருக்கு இரண்டு பேரும் ஒரே ஐபி. மூன்று என்று வரம்பு வைத்தால் நாலாவது பிள்ளைக்கு "கனெக்ஷன் டைம்ட் அவுட்" வரும். ஏன் என்று அவனுக்குப் புரியவே புரியாது.

அதனால் எந்த விதியையும் உடனே வெட்டும்படி நான் போடுவதில்லை. முதலில் கவுண்டர் மட்டும் வைத்துச் சில நாள் எண்ண விடுவேன். சனி, ஞாயிறு கூட்டத்தில் ஒரே முகவரியிலிருந்து உண்மையான ஆட்கள் அதிகபட்சம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அதற்கு மேலே தாராளமாக இடம் விட்டு வரம்பு வைப்பேன். மொத்த இணைப்பை எண்ணுவதை விட நொடிக்கு எத்தனை புது இணைப்பு என்று எண்ணுவது நல்லது. மனிதன் ஒருமுறை உள்ளே வந்தால் மணிக்கணக்கில் அதே இணைப்பில் இருப்பான்; பாட் திரும்பத் திரும்பப் புதிதாகக் கேட்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் பாக்கெட்டை அனுமதிக்கும் விதி எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியில் இருக்க வேண்டும். அது இருந்தால் தாக்குதல் நடக்கும்போதுகூட ஆடுபவன் வெளியே விழ மாட்டான்.

எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது "தெரிந்தவர்கள்" பட்டியல். ஒருவர் வெற்றிகரமாக லாகின் ஆனதும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் சர்வரின் லாகை (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவை) படித்து, அந்த முகவரியை என்எஃப்டேபிள்ஸின் முகவரிப் பட்டியலான செட் ஒன்றில் சில நாள் காலாவதியோடு சேர்க்கிறது. மொபைல் முகவரி அடிக்கடி மாறுவதால், கடைசி எண்ணை விட்டுவிட்டு /24 தொகுதியாகவே சேர்க்கிறேன். தாக்குதல் நேரத்தில் இறுக்கமான வரம்பு இந்தப் பட்டியலில் இல்லாதவர்களுக்குத்தான். புதிதாக வருபவர் கொஞ்சம் காத்திருக்க நேரும். அந்த நஷ்டம் எனக்குச் சம்மதம்.

ஃபயர்வாலால் முடியாததும் ஒன்று உண்டு. சர்வருக்கு வரும் லைனையே நிரப்பும் அளவுக்கு யுடிபி குப்பையைக் கொட்டினால், நம் விதிகள் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் வீட்டு வாசலைச் சுத்தமாக வைத்து என்ன செய்வது, வண்டி அந்தப் பக்கமே வராதே. இதைத் தடுக்க வேண்டியது லைனுக்கு மேலே இருக்கும் டேட்டா சென்டர். விபிஎஸ் எடுக்கும்போதே டிடாஸ் பாதுகாப்பு (பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் குப்பையைக் கொட்டும் தாக்குதலுக்கு எதிரானது) உண்டா, யுடிபிக்கும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ரேம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் சர்வரைத் தாக்கித் தரும் சேவைக்குப் பூட்டர் என்று பெயர். ஒரு பெரிய தாக்குதலுக்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, நாமளும் பூட்டர் வாங்கி அவனுங்கள திருப்பி அடிக்கலாமா?"

"வேணாம்டா. லாக்ல இருக்கிற ஐபி எல்லாம் யாரோடதுன்னு நினைக்கிற?"

2016-ல் உலகையே உலுக்கிய மிராய் பாட்நெட் (உரிமையாளருக்குத் தெரியாமல் கைப்பற்றிய கருவிகளின் கூட்டம்) மைன்கிராஃப்ட் சர்வர்களைத் தாக்கும் தொழிலோடு பின்னிக்கிடந்தது என்பதை அவனுக்குச் சொன்னேன். கடவுச்சொல் மாற்றாத கேமராக்களும் ரவுட்டர்களும்தான் அதன் படை. நம்மைத் தாக்கிய முகவரிகளில் ஒன்று எம்.சி. ரோடு துணிக்கடை கேமராவாகக்கூட இருக்கலாம், கடைக்காரருக்கு அது தெரியவே தெரியாது. தவிர, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவின்படி இப்படித் திருப்பி அடிப்பதற்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. பதினெட்டு வயதுப் பையன் வாழ்க்கையில் அது வர வேண்டாம். அன்று இரவே அவன் தன் வீட்டு ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான்.

போட நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். புரோகிராமைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் சர்வர் ஓட்டினால், வெளியிட்ட போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூ என்ற எளிய ஃபயர்வால் கருவியின் விதிகளைத் தாண்டிப் போய்விடும்; வேறு ஒரு இடத்திலிருந்து ஸ்கேன் செய்து பாருங்கள். தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் ஆர்கான் போர்ட்டை வெளியே திறக்கவே வேண்டாம். 2021 டிசம்பரில் வந்த லாக்4ஷெல் ஓட்டை சாதாரண சாட் செய்தி வழியாகவே உள்ளே வந்தது, அதை ஃபயர்வால் தடுக்காது, சர்வர் அப்டேட்தான் தடுக்கும். கமாண்டில் நேரடியாகச் சேர்த்த விதிகள் ரீபூட்டில் போய்விடும். கான்ஃபிக் ஃபைலில் எழுதி, ஏற்றும் முன் என்எஃப்டி கமாண்டோடு "மைனஸ் சி" (-c) கொடுத்துச் சோதியுங்கள். நாம் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்எச் விதியைத் தொடும்போது, தவறினால் நாமே வெளியே மாட்டிக்கொள்ளாமல் இருக்க, பத்து நிமிடத்தில் பழைய விதிகளைத் தானே திரும்ப ஏற்றும் ஒரு டைமர் வைத்துக்கொண்டு தொடுங்கள்.