துளசி இஞ்சியா, துளசி மல்லியா?

மழை தொடங்கிவிட்டால் திருகோணமலையில் வீட்டுக்கு ஒருவர் தும்மிக்கொண்டிருப்பார், எங்கள் வீட்டில் இந்தமுறை நான். சரி, தும்முவதுதான் தும்முகிறோம், துளசியோடு இஞ்சி, துளசியோடு கொத்தமல்லி என்று அவித்துக் குடிக்கிற இரண்டு கலவையையும் ஒன்றாகவே ருசி பார்ப்போம் என்று இரண்டு கோப்பையோடு விறாந்தையில் உட்கார்ந்தேன்.

முதலாவது கருந்துளசியும் இஞ்சியும். மூடியைத் திறந்ததுமே கராம்பு வாசம். கராம்பில் இருக்கும் யூஜினோல் என்ற வாசனைப் பொருள் துளசியிலும் இருப்பதால் வருவது. ஆனால் வாயில் வைத்தால் இஞ்சிதான் முன்னுக்கு நிற்கிறது. அதிலும் முதல்தரம் நான் இலையையும் இஞ்சியோடு சேர்த்துக் கொதிக்க விட்டதில் வாசமெல்லாம் ஆவியோடு குசினிக்குள் போய், கோப்பையில் கைப்பும் உறைப்பும்தான் மிச்சம். அப்புறம் இஞ்சியை மட்டும் கொதிக்கவைத்து இறக்கி, இலையைப் போட்டு 5 நிமிடம் மூடி வைத்தேன். குடிக்கிற மாதிரி வந்தது.

மல்லிக் கலவை வேறு குணம். மல்லியை இலேசாக வறுத்து அவித்து, வெண்துளசியை மேலே போட்டால் ஒன்றையொன்று அமுக்காது. முதலில் மல்லியின் மண்வாசம், விழுங்கிய பிறகு தொண்டையில் துளசியின் குளிர்ச்சி. பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும், சீனி போட்டால் கெட்டது. “நல்ல மல்லித்தண்ணிக்குள்ள ஏன் மோனை துளசியைப் போட்டனி?” என்று கேட்ட அம்மாவே இரண்டாவது கோப்பை வாங்கினா.

இரண்டிலும் தேயிலை இல்லை, கஃபீனும் இல்லை, படுக்கப்போகும் நேரத்திலும் குடிக்கலாம். தொண்டை கரகரத்தால் இஞ்சி, மற்ற நாளெல்லாம் எனக்கு மல்லி. அன்றைக்கும் இஞ்சிக் கோப்பைதான் பாதியில் ஆறிக் கிடந்தது.