தக்கலை பக்கம் வாறவங்க திருவிதாங்கூர் ராஜாக்களோட பழைய மர அரண்மனை, பத்மநாபபுரம் அரண்மனைய விட்டுராதீங்க

இருக்கது நம்ம கன்னியாகுமரி மாவட்டம்தான், ஆனா டிக்கெட்டு, ஊழியர், பராமரிப்பு எல்லாமே கேரள தொல்லியல் துறை, 1956ல மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்த பொறவும் அது அவங்க பொறுப்புலயே நின்னுட்டு கேட்டியளா. பூமுகத்து (வாசல் மண்டபம்) மச்சுல செதுக்கியிருக்க பூவ அண்ணாந்து பாத்துட்டே நிக்கலாம், செருப்ப கழட்டிட்டு அந்த கருப்புத் தரையில நடந்தா வெளிய எவ்ளோ வெயிலடிச்சாலும் கால் குளுகுளுன்னு இருக்கும், இத்தன வருசமா மரத்த செல்லரிக்காம காப்பாத்துறதுக்கே அவங்கள கையெடுத்து கும்பிடணும். சுதேச தர்ஷன்னு ஒன்றிய அரசோட சுற்றுலா திட்டம் ஒண்ணு உண்டு, சுற்றுலா இடத்துல வசதி கட்டுறதுக்கு 100 சதவீதம் ஒன்றிய அரசு பணம், பொறவு பராமரிக்கது மாநிலம். அதே மாதிரி இங்கயும் தமிழ்நாடு, கேரளா ரெண்டு மாநிலமும் சேந்து பார்க்கிங், பஸ்சுக்கு நிதி ஒதுக்கினா ரொம்ப நல்லாருக்கும். திங்கக்கிழமை லீவு, அன்னைக்கு வந்துராதீங்க.