முகத்துவாரப் படகில் ஆறு மாதம்: ஒரு சோடி கணுக்கால் பூட்ஸ் பற்றி

போன நவம்பரில் கொழும்பு முகத்துவாரத்திலிருந்து தூண்டில் போடப் போன முதல் நாளே படகுக்குள் விழுந்தேன். பாரை ஒன்று அகப்பட்டது. மச்சான் அதைத் தூக்கி உள்ளே போட்டான். அதைப் பிடிக்க நான் இரண்டு அடி வைத்தேன், அவ்வளவுதான். முழங்கால் உயரத்துக்கு நான் மாட்டியிருந்த மஞ்சள் றப்பர் பூட்ஸ் இரண்டும் வழுக்கிக்கொண்டு போக, முழங்கை படகின் விளிம்பில் மோதியது. மூன்று வாரம் கையை நீட்டி மடக்க முடியவில்லை. அன்றைக்கு அந்த பூட்ஸுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் புகாதது வேண்டும் என்று மட்டும்தான் கடையில் கேட்டிருந்தேன்.

அந்த வகை பூட்ஸின் அடியில் ஆழமான, பெரிய பெரிய பற்கள் இருக்கும். வயல் சேற்றில் அவை நன்றாகக் கடித்து நிற்கும். பைபர் படகின் தளம் வேறு மாதிரி. அது வழவழப்பாக இருக்கும், மேலே உப்புத் தண்ணீர், அதற்கும் மேலே மீன் வழும்பு. பெரிய பற்கள் நாலைந்து இடத்தில் மட்டும் தொடும், நடுவில் தண்ணீர் படலமாக நின்றுவிடும். படகுக்கு வேண்டியது தட்டையான அடி, அதில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய நெளி வெட்டுகள். காலை ஊன்றும்போது அந்த வெட்டுகள் விரிந்து தண்ணீரைத் தள்ளிவிடும், றப்பர் தளத்தோடு ஒட்டும். அமெரிக்காவில் போல் ஸ்பெரி என்பவர், பனிக்கட்டி மேல் வழுக்காமல் ஓடிய தன் நாயின் பாதத்தைப் பார்த்துத்தான் இப்படி வெட்டுகள் போட்ட படகுச் சப்பாத்தை 1935இல் கொண்டு வந்தார்.

கை சரியானதும் பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே தொழிலாளர்களுக்கான தலைக்கவசம், கையுறை, பூட்ஸ் விற்கும் சின்னக் கடை ஒன்று. கடைக்கார நானா மிகவும் பொறுமையான மனிதர். ஒரு கோப்பைத் தண்ணீரில் சோப்பைக் கரைத்துத் தரச் சொன்னேன். அதைக் கடை வாசல் டைலில் ஊற்றி, ஒவ்வொரு சோடியாகப் போட்டு நின்று பார்த்தேன். மீன் வழும்புக்கு இதைவிட நெருக்கமான பரிசோதனை கடையில் செய்ய முடியாது. அடியைக் கையால் வளைத்து, வெட்டுகள் வாய் திறக்கின்றனவா என்றும் பார்த்தேன். கடைசியில் எடுத்தது கணுக்காலுக்குச் சற்று மேல் வரும் சாம்பல் நிற பூட்ஸ். உயரம் ஏறக்குறைய 15 சென்றிமீற்றர், விலை 7,200 ரூபாய். மஞ்சள் பூட்ஸ் 2,900தான். அந்த வித்தியாசம் எனக்கு முழங்கை வலிக்கு முன்னால் பெரிதாகத் தெரியவில்லை.

உயரம் குறைந்தால் தண்ணீர் உள்ளே வராதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் படகில் காலடியில் நிற்கும் தண்ணீர் நாலு விரற்கடை தாண்டுவதில்லை. அதற்கு மேல் ஏறினால் அன்றைக்குக் கவலை சப்பாத்தைப் பற்றியதாக இருக்காது. மேலிருந்து வரும் சாரல்தான் உள்ளே இறங்கும். அதற்கு நீளமான மழைக் காற்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விட்டால் போதும். உள்ளே திணித்தால் தண்ணீர் காலோடு வழிந்து நேரே பாதத்துக்குப் போகும்.

உயரக் குறைவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் படகின் சொந்தக்காரரான சம்மாட்டி அண்ணன்தான் சொன்னார்: "தம்பி, கடல்ல விழுந்தா முதல்ல பூட்ஸக் கழட்டு, பிறகு நீந்து." பூட்ஸுக்குள் நிறைந்த தண்ணீர் ஆளைக் கீழே இழுக்காது, தண்ணீருக்குள் தண்ணீருக்குப் பாரமில்லை. ஆனால் காலை உதைக்க முடியாது, திரும்பப் படகில் ஏறும்போது அத்தனையும் பாரமாகிவிடும். கல்கிசையில் கடல் அமைதியாக இருந்த ஒரு காலை, மச்சானைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, உயிர்காப்பு அங்கியோடு நெஞ்சளவு தண்ணீரில் இரண்டையும் சோதித்தேன். கணுக்கால் பூட்ஸ் ஒரே உதையில் கழன்றது. மஞ்சள் பூட்ஸ் காலைக் கவ்விக்கொண்டது, குனிந்து இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள்: கையால் தொடாமல் இரண்டு பூட்ஸையும் கழற்ற முடிகிறதா?

இடையில் ஒரு மாதம் ஓட்டையில்லாத இ.வி.ஏ. (நுரை போன்ற இலேசான பிளாஸ்டிக்) செருப்புச் சப்பாத்தும் போட்டேன். பஞ்சு போல இலேசு, தண்ணீரில் மிதக்கும். ஆனால் குதிகால் பிடிமானமில்லை, வழும்பில் நிற்காது. மூன்று முள்ளுத் தூண்டில் ஒன்று அதன் மேற்புறத்தைத் துளைத்து விரலைத் தொட்டுவிட்டு நின்றது. கெளிறு மீனின் முள்ளும் அப்படித்தான் இறங்கும் என்று நினைத்தபோது போதும் என்றாகிவிட்டது.

சரி, மண்ணெண்ணெய் விஷயம். இங்கே சின்னப் படகுகளின் எஞ்சின்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. கானிலிருந்து ஊற்றும்போது கொஞ்சமாவது சிந்தும், சிந்தியது காலடித் தண்ணீரில் கலக்கும். இயற்கை றப்பர் அதை உறிஞ்சி ஊதிப்போகும், பிசுபிசுக்கும். 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடையில் றப்பர் நட்ட நாடு நம்முடையது. நம் றப்பரின் பிடிமானத்தில் எனக்குக் குறையே இல்லை, ஆனால் எண்ணெய்க்கு அது தாங்காது. நான் வாங்கியதன் அடி நைட்ரைல் என்ற, எண்ணெய் தாங்கும் செயற்கை றப்பர் கலந்தது. அதனால்தானோ என்னவோ, ஆறு மாதமாகியும் வெட்டுகளின் ஓரம் கூராகவே இருக்கிறது.

சொகுசைப் பற்றிச் சொல்வதானால், வெயிலில் இந்தக் கால் வேகும். தண்ணீர் புகாத றப்பருக்குள்ளிருந்து வியர்வையும் வெளியேறாது. நியோப்ரீன் (பஞ்சு போன்ற செயற்கை றப்பர்) உள்துணி குளிருக்கானது, கொழும்பில் அது வேண்டாம். மெல்லிய துணி உள்ளதைத் தேடுங்கள். பருத்திக் காலுறையும் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. நான் மெல்லிய செயற்கை நூல் காலுறை இரண்டு சோடி கொண்டுபோய்ப் பத்து மணிக்கு மாற்றிக்கொள்வேன். மாற்றாமல் இருந்த வாரம் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்துவிட்டது. உள் மெத்தை கழற்றக்கூடியதா என்று கட்டாயம் பாருங்கள். அதைக் கழற்றிக் காயவைக்காவிட்டால் மூன்றாம் பயணத்தில் நாற்றம் தாங்காது. அரை அளவுகள் கிடையாது, எட்டரைக் கால்காரனான எனக்கு ஒன்பதும் கூடுதல் மெத்தையும் பொருந்தின. மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்கினால் நல்லது.

குறை இல்லாமல் இல்லை. மெல்லிய வெட்டுகள் கொங்கிறீட்டில் நடந்தால் சீக்கிரம் தேயும். ஆகையால் துறை வரை செருப்பு, படகில் ஏறிய பிறகுதான் பூட்ஸ். வெட்டுகளுக்குள் மணலும் செதிலும் அடைத்துக்கொள்ளும், பழைய பற்தூரிகையால் கிளற வேண்டும். நல்ல தண்ணீரில் கழுவி, பழைய வீரகேசரிப் பத்திரிகையைக் கசக்கி உள்ளே வைத்து நிழலில் விட்டால் காய இரண்டு நாளாகும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் றப்பர் வெடிக்கும்.

மே பிறந்து தென்மேற்குக் காற்று எழும்பியதும் படகைக் கரையேற்றிவிட்டார்கள். அப்புறம் மச்சானும் இதே பூட்ஸ் வேண்டும் என்று நிற்கிறான். அவனுக்குப் பத்தாம் அளவு. அடுத்த சரக்கு வரும்போது ஒரு சோடி எடுத்து வைப்பதாக நானா சொல்லியிருக்கிறார்.