"2028 வரைக்கும் டைம் இருக்குது" என்று சொன்னால் பணம் கட்டிவிடாதீர்கள்

போன வாரம் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகள் நர்சிங் முடித்துவிட்டு ஈரோட்டில் வேலைக்குப் போகிறாள். "யூகேல கேர் விசா இருக்குதாம்ப்பா. 2028 வரைக்கும் டைம் குடுத்திருக்காங்களாம். பத்து லட்சம் கேக்கறாங்க. உன்ற ஊட்டுக்காரி போயிட்டு வந்தவளாச்சே, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அட்வான்ஸ் ஐம்பதாயிரம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

அவர் போனதும் நானும் வீட்டுக்காரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு நடந்ததை இதுவரை சொந்தக்காரர்களிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. சென்னிமலை மாதிரி ஊரில் இப்படி ஒரு விஷயம் வெளியே தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று தெரியும். ஆனால் சொல்லாமல் இருந்தால் இன்னொரு வீடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த 2028 கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கேர் வொர்க்கர், அதாவது வயதானவர்களைக் கவனித்துக்கொள்கிற வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22 அன்று நிறுத்திவிட்டது. 2028 ஜூலை என்ற தேதி உண்மைதான். ஆனால் அது ஏற்கெனவே அந்த நாட்டுக்குள் இருந்து வேலை பார்ப்பவர்கள் விசா மாற்றிக்கொள்வதற்கான கெடு. ஈரோட்டில் இருக்கிற பெண்ணுக்கு அதில் ஒன்றுமே இல்லை. ஏஜெண்ட் தேதியைச் சரியாகச் சொல்வார், யாருக்கான தேதி என்பதை மட்டும் விட்டுவிடுவார். எங்களையும் இப்படி ஒரு தேதியை வைத்துத்தான் பிடித்தார்கள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். வீட்டுக்காரி ஜிஎன்எம் என்கிற நர்சிங் டிப்ளமோ படித்து, பெருந்துறையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். பையன் அப்போது ஒன்றாம் வகுப்பு. 2023 செப்டம்பரில் கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். ஏசி ரூம், சுவர் முழுக்க விசாவோடு நிற்கிறவர்களின் போட்டோ. மொத்தம் பன்னிரண்டரை லட்சம் என்றார்கள். குடும்பத்தோடு போகலாம், எனக்கும் அங்கே வேலை செய்ய அனுமதி உண்டு, பையனுக்குப் பள்ளிக்கூடம் இலவசம் என்றார்கள். அன்றைய சட்டப்படி இதெல்லாம் உண்மையாகவே இருந்தது, அதனால்தான் நம்பினோம். மூன்று லட்சம் கட்டினோம்.

2023 டிசம்பர் 4 அன்று, கேர் வொர்க்கர்கள் இனிமேல் கணவன், மனைவி, குழந்தைகளைக் கூட்டிவர முடியாது என்று பிரிட்டன் அரசு அறிவித்தது. இரண்டே நாளில் ஏஜெண்டிடமிருந்து போன். "அண்ணா, ரூல் மாறப் போகுதுங்க. அதுக்குள்ள போறவங்களுக்குப் பிரச்சனையே இல்லீங்க. மீதிய இப்பவே கட்டுனீங்கன்னா ஃபேமிலியோட ஏத்தி விட்டர்றேன். லேட் பண்ணுனா என்னையக் கேக்காதீங்க." கூட்டுறவுச் சங்கத்தில் வீட்டுக்காரியின் நகையை வைத்தோம். அப்பா தோட்டத்தில் முப்பது சென்ட்டை விற்றார். விலை பேசக்கூட நேரமில்லை. அம்மா கையில் கிடந்த காப்பைக் கழற்றிக் கொடுத்தார், சோப்பு போட்டுத்தான் கழன்றது. பொங்கலுக்குள் ஒன்பதரை லட்சமும் ரொக்கமாகக் கை மாறியது. ஐம்பதாயிரத்துக்கு மட்டும் 'ஆலோசனைக் கட்டணம்' என்று ரசீது தந்தார்கள். மொத்தக் கணக்கை ஒரு வெள்ளைத்தாளில் எழுதித் தந்தார்கள்.

அந்தத் தாளில் மூன்றே வரி. சிஓஎஸ் 7,50,000. ஹெல்த் சர்சார்ஜ் 2,80,000. பிராசஸிங் 2,20,000.

இந்த மூன்று வரியை நிதானமாகப் படியுங்கள், உங்களுக்கு எழுதிக் கொடுப்பதும் ஏறக்குறைய இதேதான். சிஓஎஸ் என்பது வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க அங்கிருக்கிற முதலாளி கொடுக்கிற ஸ்பான்சர்ஷிப் சான்று. அதற்கு அந்த முதலாளி பிரிட்டன் அரசுக்கு அப்போது கட்ட வேண்டியிருந்தது 239 பவுண்டு, நம் பணத்தில் சுமார் இருபத்தைந்தாயிரம். அந்த இருபத்தைந்தாயிரத்துக்கு எங்களிடம் ஏழரை லட்சம். ஹெல்த் சர்சார்ஜ், அதாவது அந்த நாட்டு மருத்துவ வசதிக்காக விசாவோடு வாங்குகிற கட்டணம், இன்னும் கொடுமை. ஹெல்த் அண்ட் கேர் விசாவில் (கேர் விசா என்று சொல்வது இதைத்தான்) போகிறவர்களுக்கு அந்தக் கட்டணமே கிடையாது, 2020லிருந்தே விலக்கு உண்டு. அரசாங்கம் கேட்காத பணத்தை அரசாங்கத்தின் பேரைச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். மூன்று வருட விசாவுக்கு அப்போது உண்மையான கட்டணம் 284 பவுண்டு, அதையும் நாங்களே தனியாகத்தான் கட்டினோம். அப்படியானால் 'பிராசஸிங்' எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

குடும்பத்தைக் கூட்டிப்போகத் தடை 2024 மார்ச் 11 அன்று அமலுக்கு வந்தது. எங்களுக்கு சிஓஎஸ் வந்தது மார்ச் 19. தெரிந்தே இழுத்தடித்தாரா, தெரியாமலா என்று நான் நிரூபிக்க முடியாது. கேட்டதற்கு, "அக்கா மொதல்ல போகட்டுங்க, ஆறு மாசத்துல நீங்க பின்னாடியே போயிரலாம்" என்றார். அது சுத்தப் பொய். மார்ச் 11க்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு ஆறு மாதம் ஆனாலும் ஆறு வருடம் ஆனாலும் அந்த விசாவில் குடும்பம் போக வழியில்லை. அன்றே அவள், "ஏனுங்க, வேண்டாங்க, பணத்தத் திருப்பிக் கேளுங்க" என்றாள். வித்த நிலத்துக்கு என்ன பதில் சொல்வது என்று நான்தான் போகச் சொன்னேன். 2024 மே மாதம் கோயம்புத்தூரில் விமானம் ஏற்றிவிட்டோம்.

போன இடத்தில் வேலை, வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனிப்பது. கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை. ஸ்கூட்டி மட்டுமே ஓட்டத் தெரிந்தவள் அவள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மழையில் நடந்து போவாள், அந்த நடை நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. வாரம் 39 மணி நேரம் என்று எழுதியிருந்தது. கிடைத்ததோ வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள். அந்தக் காசு வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போனது. வெளிநாட்டு ஆட்களை எடுக்க உரிமம் பெற்றவர்களின் பட்டியல், அதாவது பிரிட்டன் அரசின் ஸ்பான்சர் பட்டியலில் அந்தக் கம்பெனி இருக்கிறதா என்று அவள் போகும் முன்பே நான் பார்த்தேன், இருந்தது. பட்டியலில் பேர் இருந்தால் உரிமம் இருக்கிறது என்று அர்த்தம், வேலை இருக்கிறது என்று அர்த்தமில்லை. இதை நாங்கள் பட்ட பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

2025 பிப்ரவரியில் கடிதம் வந்தது. கம்பெனியின் உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள், 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். அவள் மட்டுமல்ல. 2022 ஜூலையிலிருந்து 2024 கடைசி வரை கேர் துறையில் 470க்கும் மேற்பட்ட உரிமங்களை ரத்து செய்ததாகவும், அதில் 39,000 பேருக்கு மேல் சம்பந்தப்பட்டிருந்ததாகவும் அந்த அரசே சொன்னது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேலை தேடினால் எங்கே கிடைக்கும்? ஏப்ரலில் திரும்பி வந்துவிட்டாள்.

நான் காலை ஏழு மணி கம்பெனி வேனுக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருவேன். அதனால் அந்தப் பதினொரு மாதமும் பையனை அவனுடைய அமுச்சிதான் (அம்மாவைப் பெற்றவர்) வந்திருந்து பார்த்துக்கொண்டார். அவனுடைய பள்ளிக்கூட டைரியைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய இடமெல்லாம் அமுச்சியின் நடுங்குகிற தமிழ்க் கையெழுத்து. ஒரு பக்கத்தில் டீச்சர், 'அம்மாவை வந்து பார்க்கச் சொல்லவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

ஒரு நாடு யாரை உள்ளே விடலாம் என்று முடிவெடுப்பது அந்த நாட்டின் உரிமை, அதில் எனக்கு மறுப்பில்லை. 2023 செப்டம்பரோடு முடிந்த ஓராண்டில் ஒரு லட்சம் கேர் வொர்க்கர்களோடு 1,20,000 குடும்பத்தினர் வந்துவிட்டார்கள் என்பதுதான் தடைக்கு அவர்கள் சொன்ன கணக்கு. ஆனால் அவர்கள் ஊர்ப் பெரியவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, படுக்கை மாற்ற ஒரு தாய் வேண்டும், அவளுடைய பிள்ளை மட்டும் வேண்டாம் என்பது நியாயமாக எனக்குப் படவில்லை. இங்கேயும் அதே பேச்சுதான் ஓடுகிறது. திருப்பூரில் டீக்கடைக்கு டீக்கடை வடக்கே இருந்து வந்தவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள், நானும் பேசியிருக்கிறேன். என் டேபிளுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒடிசாக்காரர் ஒரு நாள், "அண்ணா, பையன் அம்மா கேக்குதா?" என்று அரைகுறைத் தமிழில் விசாரித்தார். அவருடைய மகள் ஊரில் பாட்டியிடம் வளர்கிறாளாம். அவரைத் திருப்பூருக்குக் கூட்டிவந்த காண்ட்ராக்டரும் முதல் இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை.

சரி, பணம் கட்டும் நிலையில் இருப்பவர்களுக்கு. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டே வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். "நாங்க ஏஜெண்ட் இல்லீங்க, கன்சல்டன்சி" என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள், எங்களிடம் சொன்னதும் அதைத்தான். தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, நர்சுகளை அனுப்புகிறார்கள். முதலில் அங்கே கேளுங்கள். ரொக்கமாக மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏஜெண்ட் மேல் நாங்கள் கொடுத்த புகாரில் பெரிய ஓட்டையே அதுதான்: பன்னிரண்டரை லட்சத்தில் ஐம்பதாயிரத்துக்குத்தான் ஒழுங்கான ஆதாரம் இருக்கிறது. விசா ஒரிஜினல்தானே, ஆளும் போய் வந்தாச்சே என்று அந்தத் தரப்பு வாதம் செய்கிறது. விசாரணை நடப்பதால் பேரை இங்கே எழுதவில்லை.

பக்கத்துத் தெரு அண்ணனோடு நேற்று நானும் கோயம்புத்தூர் போனேன். வேறு ஆபீஸ், வேறு ஆள், ஆனால் நீட்டிய தாளில் அதே மூன்று வரி. ஐம்பதாயிரத்தில் முப்பதைத் திருப்பித் தந்தார்கள், மீதிக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். 2023, 2024இல் கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் இப்படி சிஓஎஸ், சர்சார்ஜ் என்று எழுதி யாருக்காவது வெள்ளைத்தாள் கொடுத்திருந்தால், தயவுசெய்து அதைக் கிழித்துப் போடாமல் எனக்குத் தெரியப்படுத்துங்கள். என் ஒருவனுடைய தாளை வைத்து வழக்கு நகர மாட்டேன் என்கிறது. பத்துத் தாள் சேர்ந்தால் போதும், மாவட்டக் குற்றப்பிரிவில் ஒன்றாகப் போய்க் கொடுக்கலாம்.